ஸ்கிரீனுக்கு ஒரு மலை

அக்கா வாங்கி வந்த பழைய ஸ்கிரீனைச் சுவரில் தொங்கவிட்டபோது மலை இரண்டாகக் கிழிந்தது. மூடிவிட்ட ஏதோ ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்த திரை அது. பச்சைத் தேயிலைச் சரிவு, நடுவே ஒரு பாதை, கீழே ஏரி. உறையூரில் பாதிப் பேரின் கல்யாணப் படத்தில் இந்த மலைதான் நிற்கிறது. நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போனதில்லை.

"போச்சு. இனிமே நீலத் துணிதான்" என்றாள் அக்கா. "நீலத் துணியோட திறந்தா பாஸ்போர்ட் படக் கடைன்னு பேர் விழுந்துரும். அப்புறம் எந்தக் குடும்பம் உள்ள வரும்?"

பல வருடம் இன்னொருவர் கடையில் மற்றவர்கள் முகத்திலிருந்து பரு நீக்கிக்கொண்டிருந்தவள் அவள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஸ்டூடியோ போடுகிறாள். திறப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. கிழிந்த மலையின் முன் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: புது மலையை நானே எடுத்து வந்தால் என்ன?

"ஊட்டியா? ஊட்டி எல்லார்கிட்டயும் இருக்குடி."

"ஊட்டி இல்ல, இலங்கையில ஹட்டன். இங்கேருந்து ஊட்டிக்கு பஸ்ல போய்ச் சேர்றதுக்குள்ள கொழும்புல இறங்கிடலாம்."

அக்கா என் கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கட்டளை இட்டாள். "படத்துல ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. நடுவுல பாதை காலியா இருக்கணும். நம்ம ஜனங்க நிக்கப்போற இடம் அது. ஏற்கெனவே ஒருத்தர் நின்னா இவங்க எங்க நிப்பாங்க?"

சுலபம் என்று நினைத்தேன். மலையில் மலைதானே இருக்கும்.

ஹட்டனில் இறங்கியதும் முதலில் தெரிந்தது, இங்கே வானம் ரொம்பச் சின்னது என்பது. திருச்சியில் மலைக்கோட்டை ஒன்றுதான் மேடு, மற்றதெல்லாம் தட்டை. எதிரே வருபவரை அரை மைலுக்கு முன்பே பார்த்து, பேசலாமா ஒளியலாமா என்று முடிவு செய்துவிடலாம். ஹட்டனில் மனிதர்கள் திடீரென்று முளைக்கிறார்கள். ஒரு படிக்கட்டின் மேலிருந்து, கடைகளுக்கு நடுவிலிருந்து, பனிமூட்டத்துக்குள்ளிருந்து. கடைவீதியே ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் தோட்டங்களின் பெயரைக் கூவுகிறார்கள். மேலே எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலை.

பசி. ஒரு கடையில் பால் இல்லாத பிளேன்டீ மட்டும் கேட்டேன். கூடவே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, கட்லெட் வந்து உட்கார்ந்தது. வேறு யாருக்கோ வந்தது என்று எண்ணி, பக்கத்து மேசைக்காரரிடம் மரியாதையாகத் தள்ளிவைத்தேன். அவர் என்னிடமே திருப்பித் தள்ளினார். நான் மறுபடி தள்ளினேன்.

"அட வச்சுக்கங்க! தின்னதுக்கு மட்டுந்தான் காசு. மிச்சத்த அவங்களே எடுத்துக்குவாங்க" என்றார் அவர். கடைக்கே கேட்டது. ஒரு ரோல்ஸ் எடுத்தேன். உள்ளே மிளகுக் காரத்தோடு உருளைக்கிழங்கு. இன்னொன்றும் எடுத்தேன்.

சூடான கடைக்குள் நுழைந்ததில் லென்ஸ் முழுக்க ஆவி படிந்திருந்தது. துடைக்கத் துணி வாங்கப் போய்த்தான் ஜெயராஜ் அண்ணனின் ஸ்டூடியோவைக் கண்டுபிடித்தேன். மாடிப்படி ஏறினால் ஒரே அறை. அக்காவின் தொழில் பாதி எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்ததால் முதலில் ஸ்கிரீன்களைத்தான் பார்த்தேன். ஒரு அரண்மனைப் படிக்கட்டு, ஒரு புத்தக அலமாரி, கடைசியில் துணியில் கையால் வரைந்த ஒரு பழைய கடல். கடலின் ஓரங்கள் நைந்து தொங்கின.

"தேயிலை இல்லையாண்ணே?"

அவர் சிரித்தார். "வெளிய போய் நின்னாலே தேயில. அதுக்கு எதுக்குங்க மாடிப்படி ஏறி வரணும்? வார்ற ஆளுங்க எல்லாம் கடலத்தான் கேக்குறாங்க. அது எங்கப்பா வரஞ்சது. பாருங்க, கிழிஞ்சுபோச்சு."

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் இன்னும் பெரிதாகச் சிரித்தார். "எங்க மலைய கொண்டுபோய் நீங்க மாட்டுறீங்க. அப்ப ஒங்க ஊர்லேர்ந்து எனக்கு ஒரு கடல் அனுப்புங்க தங்கச்சி."

திருச்சியில் கடல் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் நுவரெலியாப் பக்கம் கிளம்பினேன். ரயில் தலவாக்கலையில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை. எதிரே ஒரு சிங்களக் குடும்பம். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்க, கணவர் உடைந்த தமிழில் எடுத்துச் சொன்னார்: "தனியே வந்ததா? உங்கள் அம்மா விட்டாரா?" விட்டார் என்றேன். அந்த அம்மா நம்பவில்லை. அம்மா இல்லாத குறைக்கு அவித்த சோளம் ஒன்றைக் கையில் திணித்தார்.

ஏரிக்கரையில் போய்ப் பார்த்தால் அன்னப்பறவைப் படகுகள், குதிரைகள், குடைகள், ஒவ்வொரு கல்லிலும் ஒரு ஜோடி. அழகான இடம்தான். ஆனால் அக்காவின் ஜனங்கள் நிற்க ஒரு சாண் இடமில்லை. ராகலைக்கு பஸ் ஏறினேன். அங்கே சரிவெல்லாம் படிபடியாகக் காய்கறி. நான் கேமரா முக்காலியை விரிப்பதைப் பார்த்து ஒருவர் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"தேயிலைய எல்லாரும் எடுக்குறாங்க. எங்க லீக்ஸ ஒருத்தரும் எடுக்கலீங்க" என்று ஒரு கத்தை லீக்ஸைப் பூச்செண்டு போலப் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்தேன். அன்றைக்கு எடுத்ததில் உருப்படியான படம் அதுதான். அக்காவுக்கு அனுப்பினேன். "வெங்காயத்தாள் வேண்டாம், மலை அனுப்பு" என்று பதில் வந்தது.

அடுத்த நாள் மஸ்கெலியா பஸ். சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் வெள்ளை வெள்ளையாக எல்லா இருக்கையிலும். முக்காலியைக் கட்டிப்பிடித்தபடி நான் ஒற்றைக்காலில். "முன்னால போங்க, முன்னால போங்க" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தார் கண்டக்டர். முன்னால் போனால் டிரைவர் மடிதான். ஒரு வளைவில் நான் சாய, முக்காலியின் கால் பக்கத்திலிருந்த அம்மாவின் பையில் குத்தியது.

"ஐயோ, மருந்து போத்தல் தங்கச்சி!"

உடையவில்லை. அப்படித்தான் ராஜேஸ்வரி அக்கா பழக்கமானார். நாற்பது வயதிருக்கும், கொழுந்து பறிக்கிறவர். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமனாருக்கு மருந்து வாங்க அரை நாள் லீவு போட்டு ஹட்டன் வந்திருந்தார். நான் தேடுவதைச் சொன்னேன். "எங்க தோட்டத்துக்கு வாங்க. கீழ டேம் தண்ணி, மேல கொழுந்து மல. நீங்க சொல்ற மாதிரி நடுவுல பாதையும் இருக்கு" என்றார்.

இருந்தது! பஸ்ஸை விட்டு இறங்கி முதல் வளைவில் திரும்பியதும் கத்திவிட்டேன். அக்காவின் கிழிந்த ஸ்கிரீனை யாரோ தைத்து, துவைத்து, வெயிலில் காயவைத்தது போலிருந்தது. சரிவு, பாதை, கீழே நீர்த்தேக்கம். ஒரே ஒரு குறை. மலை முழுக்கப் பெண்கள். முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, வாய் ஓயாத பேச்சு.

பாதையை மறித்தாற்போல் நின்றவர் பெயர் சரசு. "அக்கா, ஒரே நிமிஷம் அந்தப் பக்கம் தள்ளி நிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே பக்கத்துச் செடிகளுக்கு நடுவே போய் நின்றார். நின்றாரே தவிர கை நிற்கவில்லை. அது பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளியது.

மேலிருந்து ஒரு குரல் இடி மாதிரி இறங்கியது. "அடியே சரசு! என் நெரையில ஒனக்கு என்னடி வேல?"

"நான் எங்கடி வந்தேன்? இந்தியா தங்கச்சி நிக்கச் சொன்னாங்க!"

"நிக்கச் சொன்னா நில்லு. பறிக்கவும் அவங்கதான் சொன்னாங்களா?"

காலையில் கங்காணி ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுக்கிறார். அதுதான் நெரை. கீழிருந்து மேல்வரை அந்த வரிசையின் கொழுந்து அவரவருக்கு. அதில் இன்னொருத்தி கை வைப்பது, நம் ஊரில் அடுத்த வீட்டு அடுப்பிலிருக்கும் சோற்றை அள்ளுவது போல. கங்காணி வந்தார். "யாரு நெரைய மாத்துனது?" மலையிலிருந்த எல்லா விரலும் என்னைக் காட்டின.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மலை எப்ப காலியா இருக்கும்?"

"ஞாயித்துக்கெழம லீவு. அன்னைக்கு வாங்க" என்றார் கங்காணி.

"சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிடுவேனே. அதுக்குள்ள ஏதாவது ஒரு நாள் யாரும் இல்லாம இருக்காதா?"

பேச்சு நின்றது. அவ்வளவு பெண்களும் ஒரே சமயத்தில் வாயை மூடியது அப்போதுதான். சரசு மட்டும் முணுமுணுத்தார்: "அப்பிடியெல்லாம் கேக்கக் கூடாதுங்க."

ஏன் என்று கேட்பதற்குள் ராஜேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

லயத்தின் நீண்ட வரிசை வீடுகளில் அவருடைய ஒற்றை அறைக் காம்பிரா கடைசி. தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார். ஒரு வாய் வைத்ததும் காரத்தில் எனக்குக் கண்ணில் நீர். அதைப் பார்த்துக் கட்டிலில் இருந்த மாமனார் சிரித்தார். தங்கவேல் என்று பெயர். கட்டிலுக்கு மேலே சட்டம் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: எண்ணெய் வைத்து வாரிய இளைஞன், பின்னால் கடல். அலைகள் வரிசை வரிசையாக, வெட்டிவிட்ட தேயிலை மாதிரி ஒரே உயரத்தில் இருந்தன. எங்கே பார்த்தோம் என்று ஒரு கணம் குழம்பினேன், பிறகு பிடிபட்டது. ஜெயராஜ் அண்ணனின் கிழிந்த கடல்.

"பொண்ணு வீட்டுக்கு அனுப்ப எடுத்தது" என்றார் அவர், குரல் காற்றாக வந்தது. "படத்த பாத்துட்டு, மாப்பிள்ள கடல் பக்கத்து ஆளான்னு கேட்டாங்களாம்."

"கடலுக்குப் போயிருக்கீங்களா?"

"கொழும்புக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கி. வேன்ல படுத்துக்கிட்டே போனேன், படுத்துக்கிட்டே வந்தேன்." இருமல் வந்தது. ராஜேஸ்வரி அக்கா மருந்தை ஊற்றினார். "ஒங்க ஊர்ல கடல் கிட்டவா?"

"கொஞ்ச தூரம்" என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஒரு முயற்சி செய்து பார்க்கலாம், பெண்கள் சரிவின் மறுபக்கம் பறித்தால் இந்தப் பக்கம் காலியாகக் கிடைக்கும் என்ற நப்பாசையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வளைவில் இறங்கும்போது மூட்டம் கெட்டியாக இருந்தது. காத்திருந்தேன். வெயில் ஏறியது. மூட்டம் கீழிருந்து மெல்ல மேலே சுருண்டது, கடையின் ஷட்டரைத் தூக்குவது மாதிரி.

மலை காலி.

ஒரு கூடை இல்லை, ஒரு குரல் இல்லை. பாதை நெடுக ஈரம் மின்னியது. நீர்த்தேக்கத்தில் எதிர்மலை தலைகீழாக, அசையாமல். நிமிர்த்தி எடுத்தேன், சாய்த்து எடுத்தேன், உட்கார்ந்து எடுத்தேன். ஃபோனில் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "இதுதான்டி! இதேதான்! பிரஸ்ல சொல்லிடறேன்!" நான் பாதையிலேயே குதித்தேன்.

அப்போது கீழே லயத்துப் பக்கம் தப்புச் சத்தம் கேட்டது. கோயில் திருவிழா போலிருக்கிறது, அதுதான் லீவு என்று நினைத்தேன். அந்தப் படங்களையும் எடுத்துவிடலாம் என்ற உற்சாகத்தில் சரிவில் இறங்கினேன்.

வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் காம்பிரா வாசலில். கூடையும் படங்கும் இல்லாமல் சாதாரணச் சேலையில் சரசுவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"கேட்டது கெடச்சிருச்சாங்க?"

கங்காணி என்னைத் தனியே அழைத்தார். விடிவதற்கு முன்னே தங்கவேல் போய்விட்டாராம். "தோட்டத்துல சாவுன்னா யாரும் மலைக்குப் போறதில்லீங்க. வேல நாளு பகல்ல மல வெறிச்சுன்னு கெடந்தா, பஸ்ஸுல போற ஆளுங்களே பாத்துட்டு, யாரு செத்தாங்கன்னு கேப்பாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ராஜேஸ்வரி அக்கா எழுந்து வந்துவிட்டார். "சும்மா இரு சரசு. அவங்களுக்கு என்னா தெரியும்" என்றார். கையில் அந்தப் படம். சட்டத்திலிருந்து கழற்றியிருந்தது.

"தங்கச்சி, ஹட்டனுக்குப் போய் இத பெருசு பண்ணிக் கொண்டாறீங்களா? இவரு சவப்பொட்டிக் காரியம் பாக்குறாரு. சாயந்தரம் எடுக்குறதுக்குள்ள வேணும். தேர்ல முன்னால கட்ட."

அவர் கணவர் கண்கள் சிவந்து நின்றார். "ஆள மட்டும் வெட்டி எடுத்து, பின்னால நீலம் போட்டுத் தரச் சொல்லுங்க. எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுவாங்க."

"கடல வெட்டாதீங்க" என்றார் ராஜேஸ்வரி அக்கா.

"சாவுக்கு யாரு கடல் போடுவா புள்ள?"

"அவரு நின்ன எடம் அது. இருக்கட்டும்."

கணவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

போகும்போது யாத்திரை வேன்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் நகரவில்லை. இறங்கி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். ஜெயராஜ் அண்ணன் படத்தைக் கணினியில் ஏற்றியதும் கை தானாக நீலத்துக்குப் போனது. "கடல் இருக்கட்டுமாம்" என்றேன். அவர் கை அப்படியே நின்றது. திரையில் கடலைப் பெரிதாக்கினார். பின்னால் சுவரில் அதே கடல் கிழிந்து தொங்கியது.

"எங்கப்பாவும் கடல் பாக்காமதான் வரஞ்சாரு" என்றார். "அதான் அலையெல்லாம் கொழுந்து மல மாதிரி நெர நெரயா இருக்கு." பெரிதாக்கி அச்சிட்டுச் சட்டமும் போட்டார். அவரும் என்னோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காகிதப் பூக்களால் தேர் கட்டி முடித்திருந்தார்கள். தப்பு வேகமெடுத்துக்கொண்டிருந்தது. சட்டம் போட்ட படத்தைக் கணவர் வாங்கி முன்னால் கட்டினார். எண்ணெய் வைத்த இளைஞன், அவனுக்குப் பின்னால் கடல். காலையில் நான் குதித்த பாதையில்தான் ஊர்வலம் ஏறியது. பச்சை மலைக்கு நடுவே ஒரு சின்னக் கடல் ஆடி ஆடி மேலே போனது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் கேமராவைத் தொடவில்லை.

ராத்திரி ஃபோனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படம் நல்லா இருக்கேடி" என்றாள்.

"இருக்கு."

"இங்க யாருக்கு என்ன தெரியப்போகுது?"

"அதுக்கு முன்னால கல்யாண ஜோடிய நிறுத்துவ. ஆரத்தி எடுத்து வந்த ஈரம்கூடக் காஞ்சிருக்காது. நீ கேமராவுக்குப் பின்னால நின்னு அந்த மலையவே பாத்துட்டிருக்கணும்."

"ஏன்டி இதையெல்லாம் என்கிட்ட சொன்ன?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு, "நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல? பாரு" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அதே வளைவு. வெளிச்சம் நேற்றைப் போல இல்லை. பாதி மலையில் மூட்டம் தொங்கியது. பெண்கள் வந்திருந்தார்கள். ராஜேஸ்வரி அக்கா இல்லை, காரியம் முடியும்வரை வரமாட்டார். அவர் பறிக்க வேண்டிய இடத்தையும் மற்றவர்களுக்குப் பிரித்தாகிவிட்டது.

சரசு மேலிருந்து குரல் கொடுத்தார். "இன்னைக்கு ஆளுங்க இருக்கோமே, பரவால்லையா?"

"இருங்க. யாரும் நகர வேண்டாம்."

"சும்மா எடுக்குறீங்களா, இல்ல ஏதோ ஸ்கிரீனுன்னு சொன்னாங்களே, அந்த சினிமா படத்துக்கா?"

ஸ்கிரீன் என்றால் என்ன, அதற்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் எப்படி நிற்பார்கள் என்று விளக்கினேன். நேற்று முன்தினம் சண்டை போட்ட பெண்தான் முதலில் சிரித்தார். "அப்ப பாதையில நிக்கச் சொல்லுங்க. எங்க நெரையில வந்து நின்னா கூடையக் குடுத்துருவோம்!"

"நகையோட நிப்பாங்கடி. படங்கு கட்டிவிடு!"

சிரிப்பு சரிவெல்லாம் உருண்டது. அப்போது எடுத்தேன். கைகள் கொழுந்தில், முகங்கள் பாதி என் பக்கம், பாதி ஒருத்தரை ஒருத்தர் பார்த்து. நடுவே பாதை மட்டும் வெறுமையாக.

அக்கா அதைத்தான் அச்சடித்தாள். திட்டிக்கொண்டே. "இத்தன பேரு நின்னா யாரு மாப்பிள்ளைய பாப்பாங்க?" திறப்பன்று முதலில் வந்த குடும்பத்து அம்மா ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவங்கல்லாம் எதுக்கு சிரிக்கிறாங்க?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். நான் கூடைக் கதையைச் சொன்னேன். படத்தில் அந்தக் குடும்பமும் சிரித்தபடி விழுந்தது.

காலி மலை என் கார்டில் இருக்கிறது. அழிக்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

ஜெயராஜ் அண்ணனுக்குக் கடல் தர வேண்டும். அடுத்த வாரம் நாகப்பட்டினம் போகிறேன். அவரிடம் ஃபோனில், நடுவில் ஆள் நிற்க இடம் விட்டு, வேறு யாரும் இல்லாமல் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "கடல் உங்க பக்கத்து சங்கதி. அங்க உள்ளவங்கள கேட்டுக்கங்க" என்றார். அதனால் விடியற்காலையில் கரையில் இறங்கியதும் பையைத் திறக்கப்போவதில்லை. வலை பிரிக்கும் யாராவது ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, படகே போகாத காலை இந்த ஊரில் எந்த மாதிரிக் காலை என்று முதலில் கேட்க வேண்டும்.